ராட்டினத்துக்குள் இருந்த சீட்டு

எந்த விதியையும் மீறாத ஒரு மனிதர் எதற்காகத் தலைகுனிந்து நடக்க வேண்டும்? குற்றம் வேறு, வெட்கம் வேறு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். சொல்வது சுலபம். குற்றத்துக்குச் சட்டம் இருக்கிறது, தண்டனை இருக்கிறது, தண்டனை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். வெட்கத்துக்கு அப்படி ஒரு விடுதலை நாளை யாரும் குறித்துத் தருவதில்லை. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தாவின் வாழ்க்கை, ஒரு சனி ஞாயிறுக்குப் பிறகு, இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நடந்தது.

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லாருக்கும் அவர் ‘பத்திரம்’. குடையைத் தொலைத்தவர், பையை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கியவர், ஒற்றைச் செருப்போடு நொண்டி வந்தவர் என்று யார் மூச்சிரைக்க வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாலும், அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே, “பத்திரமா இருக்கு, உட்காருங்க” என்பார். அதன் பிறகுதான் என்ன தொலைந்தது என்றே கேட்பார். பத்துக்கு ஏழு தடவை பொருள் பத்திரமாகவே இருந்ததால் பெயர் நிலைத்துவிட்டது. மீதி மூன்று தடவை திட்டு வாங்கினார். அதையும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார் என்று பெரிய குமாஸ்தா கிண்டல் செய்வார்.

அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு சீட்டு. ஒன்று வெளியே, நூலில் கட்டித் தொங்கும். மற்றது உள்சீட்டு. இந்த இரண்டாவது சீட்டு பத்திரத்தின் யோசனை. ஒரு சமயம் எலி கடித்துச் சீட்டுகள் போய், ஒரே மாதிரி இருந்த இரண்டு கறுப்புக் குடைகளுக்காக இரண்டு பெரிய மனிதர்கள் நடைமேடையில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சீட்டு வைக்க ஆரம்பித்தார். குடையின் மடிப்புக்குள், பூட்ஸின் அடித்தோலுக்குக் கீழே, பையின் ஓரப் பைக்குள். சீட்டில் பொருளின் பெயர், கிடைத்த இடம், நிலை, உரிமை கோரியவர், தேதி. சொந்தக்காரர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்சீட்டை உருவ வேண்டும். இடையில் எந்தக் காரணத்துக்காக வெளியே எடுத்தாலும், எடுத்த கையோடு திரும்ப வைத்துவிட வேண்டும். இதற்காக மேலதிகாரி ஒருவர் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார். அது வீட்டுக் கூடத்தில் ஐந்து நிமிடம் தாமதமாக ஓடிக்கொண்டிருந்தது.

தகர ராட்டினம் ஒரு மழைக்காலத்தில் வந்து சேர்ந்தது. உள்ளங்கை அகல மேடை, அதன் மேல் ஆறு குதிரைகள், பக்கவாட்டில் ஒரு சாவி. சாவி கொடுத்தால் குதிரைகள் ஏறி இறங்கிச் சுற்ற வேண்டும். வந்தபோது சுற்றவில்லை. சுருள்வில் உடைந்திருந்தது, ஒரு குதிரைக்கு முன்னங்கால் இல்லை. மூன்று மாதம் அலமாரியில் இருந்தது. யாரும் தேடி வரவில்லை. கெடு முடிந்த பொருள்கள் ஏலத்துக்குப் போகும். ஏலக்காரர் வேண்டாமென்று ஒதுக்குவதை ஊழியர்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். அது எழுதிவைத்த விதி. ஏலக்காரர் ராட்டினத்தைத் தூக்கிப் பார்த்து, “இதை யார் சார் வாங்குவாங்க?” என்று கீழே வைத்தார். பத்திரம் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம், மதிய இடைவேளைகளில், அதைப் பழுது பார்த்தார். பழைய கடிகாரம் ஒன்றிலிருந்து சுருள்வில் கிடைத்தது. டப்பா மூடியை வெட்டி ஆறாவது குதிரைக்குக் கால் செய்தார். நுனி கூரான தூரிகையால் ஆறு குதிரைக்கும் கண் எழுதினார். அடிமூடியைத் திறந்தபோது உள்ளே அவர் கையெழுத்திலேயே உள்சீட்டு மடித்து இருந்தது. எடுத்து மேஜையில் வைத்தார். வில்லை மாற்றினார். சீட்டைத் திரும்ப உள்ளே வைத்து மூடியைத் திருகினார். பதினெட்டு வருடம் பழகிய கை அது. தலையைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை.

ராட்டினம் சுற்றியது. உண்மையிலேயே அழகாகச் சுற்றியது. இதை மட்டும் அவருக்காகச் சொல்லிவைக்க வேண்டும்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். மனைவியின் தங்கைக்கு ஒரே பெண், எல்லாருக்கும் பாப்பா. அந்தச் சனிக்கிழமை பாப்பாவுக்கு ஆறு வயது முடிகிறது. தங்கையின் குடும்பம் கொஞ்சம் வசதி. புது அடுக்குமாடியில் நான்காவது மாடி, வழவழப்பான தரை, செருப்பு வைக்கத் தனி அலமாரி. அக்காளும் தங்கையும் ஒட்டுதல்தான். ஆனால் அங்கே போகும்போதெல்லாம் அக்காள் படியேறும் முன் புடவைத் தலைப்பை ஒருமுறை சரிசெய்துகொள்வார். பாப்பாவுக்கு நீல நிறத்தில் பதினான்கு பொத்தான் வைத்த கவுன் தைத்து முடித்த கையோடு கணவரிடம் சொன்னார்:

“பரிசு உங்க பொறுப்பு. போன வருஷம் மாதிரி பென்சில் டப்பா வேண்டாம். கடைக்குப் போய் நல்லதா ஒண்ணு பாருங்க.”

“அதெல்லாம் எப்பவோ ரெடி” என்று பத்திரம் பையிலிருந்து ராட்டினத்தை எடுத்துச் சாவி கொடுத்தார்.

மனைவியின் முகம் மலர்ந்தது. “அடேயப்பா. எங்க வாங்கினீங்க?”

“தெரிஞ்ச இடத்துல.”

தரையில் உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பதினோரு வயது. எதற்கும் எதிர்வாதம் பேசுவதால் வீட்டில் அவளுக்குப் பெயர் வக்கீல். பள்ளி விட்டதும் அப்பாவின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறவள். ஆறாவது குதிரைக்குக் கால் முளைத்ததை நாள் நாளாகப் பார்த்தவள். வக்கீல் பேசாமல் இருந்தது ஒரு அறிகுறி. பத்திரம் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை அவருக்கு அரைநாள் வேலை. தாயும் மகளும் காலையிலேயே தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் மூன்றரை மணிக்கு, பளபளக்கும் தாளில் சுற்றிய பரிசோடு நான்காவது மாடிக்கு ஏறினார். லிஃப்ட் பூராவும் வாடகை நாற்காலிகள். கதவைத் திறந்தால் வீடு தலைகீழாக இருந்தது. வரவேற்பறைத் தரையில் ஊதியதும் ஊதாததுமாகப் பலூன்கள். வண்ணக் காகிதத் தோரணத்தின் ஒரு முனை மின்விசிறியில், மறுமுனை வக்கீலின் பல்லில். அவள் ஸ்டூல் மேல் நின்றிருந்தாள். சமையலறையில் அக்காளும் தங்கையும் ரொட்டியின் ஓரங்களை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சகலை, பலூனுக்குக் காற்றடிக்கும் பம்புடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணே. ஒரு மணி நேரமா இதோட போராடறேன். காத்து எல்லாம் எனக்குள்ள போகுது, பலூனுக்குள்ள போக மாட்டேங்குது.”

“சித்தப்பா, நீங்க தலைகீழா பிடிச்சிருக்கீங்க” என்றாள் வக்கீல், தோரணத்தைக் கடித்தபடி.

“வந்துட்டாங்க வக்கீலம்மா. இந்தா, நீயே வாதாடு இதுகிட்ட.”

மைத்துனி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “மாமா, இவ இல்லேன்னா இன்னைக்கு நான் அவ்வளவுதான். காலையில இருந்து உட்காரவே இல்ல. லீவுக்குக் கடற்கரைக்குப் போறோம்ல, இவளையும் கூட்டிக்கிட்டுப் போறேன். பாப்பாவுக்கும் துணை” என்றார்.

வக்கீலின் வாயிலிருந்து தோரணம் விழுந்தது. அவள் கடலைப் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவளிடம் வாதம் எதுவும் இல்லாதது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கி, அப்பாவின் முழங்கையை ஒரு தரம் அழுத்திவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டாள்.

ஐந்து மணிக்குப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவந்த தாய்மார்களுமாக அறை நிறைந்துவிட்டது. பாப்பா நீலக் கவுனில் ஒரு சுற்றுச் சுற்றினாள். “எந்தக் கடையில எடுத்தீங்க?” என்று இரண்டு தாய்மார்கள் கேட்டார்கள். “எங்க அக்கா தைச்சது” என்று மைத்துனி சொன்னபோது, பத்திரத்தின் மனைவி தலைப்பைச் சரிசெய்ய மறந்து நின்றார். கேக் வெட்டினார்கள். யாரோ ஒரு பையன் மூக்கில் கிரீம் பூசிக்கொண்டான். பரிசுகளை இப்போதே பிரிக்க வேண்டுமென்று பாப்பா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டி பெட்டியாகப் பிரித்தாள். பாட்டரி கார், பேசும் பொம்மை, சமையல் சாமான், இன்னொரு பேசும் பொம்மை. பெரியப்பாவின் பொட்டலம் ஐந்தாவதோ ஆறாவதோ. சாவி கொடுத்தவுடன் குதிரைகள் ஏறி இறங்கிச் சுற்றின. பிள்ளைகள் எல்லாரும் சுற்றி வந்து குப்புறப் படுத்துவிட்டார்கள். பேசும் பொம்மைகள் இரண்டும் மூலையில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. “எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு” என்று பாப்பா அறிவித்தாள். பத்திரம் கையில் கேக் தட்டோடு சுவரோரம் நின்றிருந்தார். அந்த நிமிடத்தில் அவர் சந்தோஷமாக இருந்தார். அதில் பெருமையும் கலந்திருந்தது.

மூன்றாவது முறை சாவி கொடுத்தபோது ராட்டினம் பாதியில் நின்றது. உள்ளே ஏதோ சிக்கிய சத்தம்.

“குடு, நான் பார்க்கறேன்” என்று சகலை முன்வந்தார். பம்பிடம் தோற்ற மனிதர், எங்காவது ஜெயித்தாக வேண்டும். ஒரு நாணயத்தை வைத்து அடிமூடியைத் திருகினார். மூடி கழன்றது. மடித்த காகிதம் ஒன்று தரையில் விழுந்தது.

கிரீம் மூக்குப் பையன் அதை எடுத்தான். அப்போதுதான் சரளமாக வாசிக்கப் பழகிய வயது. எதைக் கண்டாலும் சத்தமாக வாசிக்கிறவன். வாசித்தான்.

“தொலைந்த பொருள் அலுவலகம். பொருள், சாவி பொம்மை. கிடைத்த இடம், ஏழாம் நடைமேடை, கழிப்பறை வாசல். நிலை, அழுக்கு, ஈரம். உரிமை கோரியவர், இல்லை.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லாருக்கும் சேர்ந்து விளங்கியது. ஒரு தாய் தன் பெண்ணின் கையை ராட்டினத்திலிருந்து மெதுவாக விலக்கினார். இன்னொருவர் பையைத் திறந்து ஈரத் துடைப்புத்தாள் எடுத்தார். அவர்கள் யாரையும் அவமதிக்க நினைத்திருக்க மாட்டார்கள். பிள்ளை பெற்றவர்களின் கை அது, அதுவும் தலையைக் கேட்பதில்லை. சகலை சிரிக்கலாமா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். அங்கே சிரிப்பதற்கு அனுமதி இல்லை. பத்திரத்தின் மனைவி அந்தக் காகிதத்தை எட்ட இருந்தே பார்த்தார். எழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியும். வீட்டு மளிகைச் சீட்டு எழுதுகிற அதே எழுத்து.

விஷயம் அவ்வளவு பெரியதல்ல. ‘ஆமா, ஆபீஸ்ல கேட்பாரில்லாம இருந்தது, நான்தான் ரிப்பேர் பண்ணேன், கழுவி எடுத்ததுதான்’ என்று ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் இரண்டு நிமிடம் சங்கடம், பிறகு சகலையின் நகைச்சுவை, பிறகு ஐஸ்கிரீம். பத்திரத்தின் வாயில் கேக் இருந்தது. அதை விழுங்க வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்குள் வக்கீல் எழுந்து நின்றுவிட்டாள்.

“அது நான் எழுதினது, சித்தி. அப்பா ஆபீஸ்ல இருந்து சீட்டு எடுத்து, சும்மா விளையாட்டுக்கு எழுதி உள்ள வெச்சேன். பாப்பா பார்த்துச் சிரிப்பான்னு நினைச்சேன்.”

அறை முழுவதும் மூச்சு விட்டது. ஒருத்தி சிரித்தாள். “எவ்வளவு அழகா எழுதுறா பாருங்க, அச்சடிச்ச மாதிரி” என்றார் ஒரு தாய். அவள் எழுத்தும் அப்பாவின் எழுத்தைப் பார்த்துப் பழகியதுதான். யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை.

பத்திரத்தின் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒரு தாய் செய்ய வேண்டியதைச் செய்தார். மகளின் தோளைப் பிடித்து உலுக்கி, “அதிகப்பிரசங்கி. எதுல விளையாடறதுன்னு ஒரு விவஸ்தை இல்ல? சித்திகிட்ட மன்னிப்புக் கேளு. பாப்பாகிட்ட கேளு” என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. கோபம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

“மன்னிச்சிடுங்க சித்தி. மன்னிச்சுக்கோ பாப்பா.”

அப்போது பத்திரம் கேக்கை விழுங்கிவிட்டார். வாய் காலியாக இருந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சொன்னார்:

“விடுங்க. குழந்தைதானே.”

பேசாமல் இருந்திருந்தால்கூட, அதிர்ச்சி, கூச்சம் என்று எதன் மேலாவது பழியைப் போடலாம். அவர் பேசினார். தான் செய்ததற்குத் தன் மகளை, ஊர் முன்னால், பெரிய மனதோடு மன்னித்தார். வக்கீல் ஒருகணம் அவரைப் பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வையாக இருந்தால் தாங்கியிருப்பார். ‘சரியாச் சொன்னேனாப்பா?’ என்று கேட்கும் பார்வை அது.

ஏழு மணிக்குப் பேருந்தில் மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார்கள். மனைவி ஜன்னல் பக்கம். நடுவில் வக்கீல், மடியில் யாரோ கொடுத்த பலூன். அவர் ஓரத்தில், பாதி உடம்பு இருக்கைக்கு வெளியே.

“காலையில எட்டு மணிக்கே போகணும். நாற்காலி எல்லாம் திருப்பி அனுப்பணும்” என்றார் மனைவி, கண்ணாடியைப் பார்த்து.

“ம்.”

நிறுத்தம் வந்ததும் பலூன் வெடித்தது. அதற்கு யாரும் திடுக்கிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி முன்னால் கிளம்பிவிட்டார். பின்னால் வந்த வக்கீல் படியிறங்கும்போது கேட்டாள்: “அப்பா, ஒண்ணு கேட்கட்டுமா? அந்தச் சீட்டை ஏன் திருப்பி உள்ள வெச்சீங்க?”

“வெச்சே பழக்கம்மா.”

“கெடு முடிஞ்சதைக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கலாம்னு ரூல் இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்ப நீங்க எந்தத் தப்பும் பண்ணலையே. அப்புறம் ஏன் சொல்லல?”

ஒரு நல்ல வக்கீல் கேட்கிற கேள்விதான். பத்திரம் பூட்டைச் சரிபார்ப்பதுபோலப் படியேறித் திரும்பிப் போனார். பூட்டு சரியாகவே இருந்தது.

தங்கை வீட்டில் காலை முழுவதும் வேலை. நாற்காலிகளை லிஃப்ட்டில் ஐந்து ஐந்தாக இறக்கினார்கள். தரையில் ஒட்டிய கிரீமை மனைவி கத்தியால் சுரண்டினார். சகலை பலூன்களை ஊசியால் குத்திக்கொண்டே, “அண்ணே, நம்ம வக்கீல் எங்களுக்கே கேஸ் போட்டுட்டாளே” என்று ஒரு நகைச்சுவை செய்தார். பத்திரம் சிரித்தார். சிரித்த பிறகு, எதற்குச் சிரித்தோம் என்று நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

கிளம்பும் நேரத்தில் மைத்துனி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். உள்ளே ராட்டினம். வக்கீல் அப்போது மாடிப்படித் திருப்பத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்கும் தூரம்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவுக்கு ஏகப்பட்ட பொம்மை சேர்ந்துபோச்சு. இதை உங்க வீட்டுலயே வெச்சுக்கோங்க.”

“சரிம்மா.”

“அப்புறம்… கடற்கரைக்கு இந்தத் தடவை நாங்க மட்டும் போயிட்டு வந்துடறோம். கோபம் இல்ல மாமா. ஆனா இவளுக்கு விளையாட்டு எது, விபரீதம் எதுன்னு தெரியல. பாப்பா எல்லாத்துலயும் இவளைப் பார்த்துத்தான் கத்துக்கறா. கொஞ்சம் கண்டிச்சு வைங்க.”

இந்த முறை வாயில் கேக் இல்லை. சுற்றிலும் விருந்தாளிகள் இல்லை. மைத்துனி ஒருவர், அவர் ஒருவர், இடையில் ஒரு துணிப்பை. பத்திரம் வாயைத் திறந்தார். படித் திருப்பத்தில் செருப்புச் சத்தம் நின்றது.

“சரிம்மா. கண்டிச்சு வைக்கிறேன்” என்றார்.

செருப்புச் சத்தம் மறுபடி கேட்டது. கீழ்நோக்கி, ஒவ்வொரு படியாக.

உள்ளே பாப்பா, “என் குதிரை எங்க?” என்று கேட்டு அழ ஆரம்பித்திருந்தாள்.

அன்று மாலை வீட்டில் மனைவி அவரோடு மூன்றே தடவை பேசினார். அதில் இரண்டு சாப்பாடு பற்றி. மூன்றாவது, “அவ அழுதாளான்னு பார்த்தேன். அழல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

திங்கட்கிழமை பத்திரம் துணிப்பையோடு அலுவலகம் வந்தார். குடையை ஆணியில் மாட்டினார். ராட்டினத்தை மேஜையில் வைத்து, பதிவேட்டைத் திறந்து, புது எண் ஒன்று போட்டார். புது உள்சீட்டு எழுதி, இந்த முறை வில்லில் சிக்காதபடி ஓரமாக மடித்து உள்ளே வைத்தார். பெரிய குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“பத்திரம் சார், இது போன மாசம் நீங்க கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டது இல்ல?”

“ஆமா.”

“மறுபடியும் தொலைஞ்சு போச்சா?”

“எழுதிக்கறேன் சார்.”

இருபது வருடமாகச் செருப்பையும் பல்செட்டையும் பதிவேட்டில் ஏற்றியவர் பெரிய குமாஸ்தா. எதற்கும் வியக்காத பயிற்சி அவருக்கு இருந்தது. மறுபடி கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு குனிந்துவிட்டார்.

அந்த அலுவலகத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. பொருளில் யாருடைய முகவரியாவது இருந்தால், அந்த முகவரிக்கு ஒரு அச்சிட்ட அட்டை போகும். ‘கீழ்க்கண்ட தங்கள் பொருள் இவ்வலுவலகத்தில் உள்ளது. மூன்று மாதத்துக்குள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.’ கீழே குறிப்புக்காக நான்கு கோடு. பத்திரம் பெறுநர் இடத்தில் மைத்துனியின் முகவரியை எழுதினார். பொருள், சாவி பொம்மை. கிடைத்த இடம் என்ற கோட்டில் அதே நான்காவது மாடி வீட்டை எழுதினார். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் தன் முழுப் பெயர். பிறகு குறிப்பு:

‘மேற்படி பொருள் முன்பு இவ்வலுவலகத்தில் கேட்பாரற்று இருந்து, விதிப்படி இக்குமாஸ்தாவால் பெறப்பட்டு, பழுது பார்க்கப்பட்டு, பரிசாக அளிக்கப்பட்டது. உள்ளே இருந்த சீட்டை எழுதியதும் வைத்ததும் இக்குமாஸ்தாவே. அவர் மகள் அல்ல. இது சனிக்கிழமையே தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.’

நான்காவது கோடு போதாமல் கடைசி வாக்கியம் ஓரத்தில் ஏறியது. முத்திரை குத்தி, மற்ற அட்டைகளோடு தபால் கூடையில் போட்டார்.

புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்தபோது மனைவி தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். பேசி முடித்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

“தங்கச்சி பேசினா. கார்டு வந்ததாம்.”

“ம்.”

“ஆபீஸ் முத்திரையோட.”

“ம்.”

“வீட்டுல போன் இருக்கு. பஸ் ஏறினா முக்கால் மணி நேரம். வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு? சொந்தத் தங்கச்சிக்கு நோட்டீஸ் அனுப்பின மாதிரி… அவ படிச்சிட்டு அழுதாளாம். சிரிச்சாளாம். எதுன்னு அவளுக்கே தெரியலையாம். புள்ளைய லீவுக்கு அனுப்பச் சொல்லிட்டா.” மனைவி தொலைபேசியை வைத்தார். “நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வக்கீல், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்:

“விடும்மா. அப்பாதானே.”

சனிக்கிழமை அவர் சொன்ன அதே தோரணை இல்லை. குத்தலும் இல்லை. அவள் நிஜமாகவே விட்டுவிட்டாள். பத்திரம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஆணியிலிருந்து சட்டை நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தவர் நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

வக்கீல் கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். மூக்கு உரிந்து, பை நிறைய சிப்பிகளோடு வந்து, கடல் நீலமே இல்லை, எல்லாப் புத்தகத்திலும் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு வாரம் வாதாடினாள். மைத்துனி பழையபடி ‘மாமா’ என்று கூப்பிட்டார். அட்டையைப் பற்றி நேரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. ராட்டினத்தைக் கேட்டும் யாரும் வரவில்லை. பாப்பா அதை மறந்திருப்பாள். அந்த வயதுக்கு அது சகஜம்.

மூன்று மாதம் முடிந்த நாளில் வக்கீல் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பெரிய குமாஸ்தா கெடு முடிந்த பொருள்களின் பட்டியலோடு வந்தார்.

“பத்திரம் சார், உங்க குதிரைக்கு இன்னைக்குக் கெடு. ஏலக்காரர் எடுக்க மாட்டார். கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறீங்களா? வக்கீலம்மாவுக்கு ஆகும்.”

வக்கீல் பேனாவை மூடிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

பத்திரம் அலமாரியிலிருந்து ராட்டினத்தை எடுத்தார். தூசியைத் துடைத்தார். சாவி கொடுத்து மேஜையில் வைத்து, ஆறு குதிரைகளும் ஏறி இறங்கி, மெதுவாகி, நிற்கும் வரை காத்திருந்தார். அடிமூடியைத் திறந்து உள்சீட்டை எடுத்தார். தேதியை அடித்துவிட்டு, இன்னும் மூன்று மாதம் என்று எழுதினார். சீட்டை மடித்துத் திரும்ப உள்ளே வைத்து, மூடியைத் திருகி, இருந்த இடத்திலேயே வைத்தார். அதற்கு அடுத்த மூன்று மாதத்திலும் அப்படியே செய்தார். அவர் ஓய்வு பெறும் வரை அப்படியே செய்தார்.

ஏன் என்று பெரிய குமாஸ்தா கேட்கவில்லை. வக்கீல் அந்த முதல் நாள் கேட்க வாயெடுத்தாள். பிறகு பேனாவைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.